ஜெர்மன் பெயரெச்சம் எங்கே பிசகுகிறது: அறிகுறி வாரியாகத் திருத்தும் வழி

ஜெர்மனில் வினையிலிருந்து பிறந்து, பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்து உட்காரும் சொற்கள் இரண்டு வகை. முதல் வகைக்கு 'பார்ட்டிட்ஸிப் ஐன்ஸ்' என்று பெயர். அகராதியில் இருக்கும் முழு வினையின் கடைசியில் 'டே' (d) என்ற எழுத்தை ஒட்டினால் அது கிடைத்துவிடும்: ஷ்லாஃபென் (தூங்கு), ஷ்லாஃபெண்ட். இரண்டாம் வகை 'பார்ட்டிட்ஸிப் ட்ஸ்வை'. பேச்சில் முடிந்த செயலைச் சொல்ல ஹாபென் அல்லது ஸைன் வினையோடு வருகிற அதே வடிவம்தான்: கெகொஹ்ட் (சமைத்த), கெஷ்ரீபென் (எழுதிய).

இந்த இரண்டு வேலையையும் தமிழில் ஒரே பெயரெச்சம் செய்துவிடுகிறது. எழுதிய ஆசிரியர், எழுதிய கடிதம், எழுதிய பேனா, எழுதிய நாள் என நான்கும் சரி. யார் எழுதினார், எது எழுதப்பட்டது, எதைக் கொண்டு எழுதப்பட்டது என்பதைக் கேட்பவரே பொருத்திக்கொள்கிறார். ஜெர்மன் அந்தப் பொறுப்பைக் கேட்பவரிடம் விடுவதில்லை. பெயர் செயலைச் செய்கிறதா, செயலுக்கு ஆளானதா என்பதை எச்சத்தின் வடிவமே சொல்லியாக வேண்டும். கருவி, இடம், நாள் போன்ற உறவுகளுக்கு அந்த வடிவத்தில் இடமே இல்லை. கீழே வரும் பிழைகளில் பலவற்றுக்கு வேர் இதுதான்.

ஜெர்மன் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். அடைமொழி 'ண்டெ, ண்டர், ண்டெஸ், ண்டென்' என்று முடிந்தால் முதல் வகை. 'ட்டெ' அல்லது 'னெ' போல முடிந்தால் இரண்டாம் வகை.

அறிகுறி: செய்தவரைச் சொன்னால், செய்யப்பட்டவர் ஆகிவிடுகிறார்

'கடிதம் எழுதிய ஆசிரியர்' என்று நினைத்து 'டேர் கெஷ்ரீபெனெ லேரர்' என்றால், கேட்பவருக்கு யாரோ ஓர் ஆசிரியரையே எழுத்தில் வடித்ததாகப்படும். செயப்படுபொருள் ஏற்கும் வினையில் இரண்டாம் வகை எப்போதும் செயப்பாட்டுப் பொருளே தரும். 'டேர் கெஷ்ரீபெனெ ப்ரீஃப்' (எழுதப்பட்ட கடிதம்) மட்டுமே சரி.

சோதிக்கும் வழி எளிது. தமிழ்ப் பெயரெச்சத்தில் 'பட்ட' சேர்த்துப் பாருங்கள். 'எழுதப்பட்ட கடிதம்' பொருந்துகிறது, ஆகவே இரண்டாம் வகை. 'எழுதப்பட்ட ஆசிரியர்' பொருந்தவில்லை. அப்போது இரண்டு வழிதான். செயல் நடந்துகொண்டிருந்தால் முதல் வகை: 'டேர் ஷ்ரைபெண்டெ லேரர்', எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர். செயல் முடிந்துவிட்டதென்றால் எச்சத்தை மறந்துவிட்டுத் தனி வாக்கியமாகத் தொடுக்க வேண்டும்: 'டேர் லேரர், டேர் டேன் ப்ரீஃப் கெஷ்ரீபென் ஹாட்'. குறுக்குவழி கிடையாது.

கருவிக்கும் இடத்துக்கும் அதே கதி. ரொட்டி வெட்டிய கத்தியை 'டாஸ் கெஷ்னிட்டெனெ மெஸ்ஸர்' என்றால் கத்திதான் வெட்டுப்பட்டிருக்கிறது. சரியானது: 'டாஸ் மெஸ்ஸர், மிட் டேம் இஷ் டாஸ் ப்ரோட் கெஷ்னிட்டென் ஹாபெ'. 'நான் படித்த பள்ளி' என்பதை 'கெலேஸெனெ ஷூலெ' ஆக்கினால் பள்ளியைப் புத்தகம்போல வாசித்ததாகிவிடும். விண்ணப்பப் படிவங்களில் 'பெஸூஹ்ட்டெ ஷூலெ' என்ற தொடர் வரும். பெஸூஹென் வினை பள்ளியை நேரடிச் செயப்படுபொருளாக ஏற்பதால் அது இலக்கணப்படி செல்லும்.

விதியை மீறி நிற்கும் சில சொற்கள் உண்டு. வேலை விளம்பரங்களில் காணும் 'கெலெர்ன்ட்டர் கொஹ்' என்பது 'கற்கப்பட்ட சமையல்காரர்' அல்ல. முறைப்படி தொழிற்பயிற்சி முடித்த சமையல்காரர். 'உன்கெலெர்ன்ட்' என்றால் அந்தப் பயிற்சி இல்லாதவர். படித்த பெண் என்பதற்கு 'ஐனெ கெபில்டெட்டெ ஃப்ரவ்'. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதுதான் வழி. விதியாக்கப் பார்த்தால் புதுப் பிழைதான் முளைக்கும்.

அறிகுறி: தமிழில் இறந்தகாலம், அதனால் இரண்டாம் வகை போட்டேன், தப்பு என்கிறார்கள்

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்ற பழமொழியை அப்படியே கொண்டுபோய் 'டாஸ் கெவைன்ட்டெ கிண்ட்' என்று போடத் தோன்றும். அப்படி ஒரு தொடர் ஜெர்மனில் இல்லை. முதல் வகை காட்டுவது நிகழ்காலத்தை அல்ல, உடனிகழ்ச்சியை. முதன்மை வினை எந்தக் காலத்தில் இருக்கிறதோ, அதே நேரத்தில் இந்தச் செயலும் நடக்கிறது என்பதே அதன் பொருள். 'டாஸ் வைனெண்டெ கிண்ட் லீஃப் ட்ஸுர் முட்டர்' என்றால் அழுத குழந்தை தாயிடம் ஓடியது. ஓடியது நேற்றானாலும் 'வைனெண்டெ' மாறாது.

தண்ணீரில் இந்த வேறுபாடு கையைச் சுடும் அளவுக்குப் பெரிது. 'கொஹெண்டெஸ் வாஸர்' அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் நீர். 'அப்கெகொஹ்ட்டெஸ் வாஸர்' கிருமி போகக் கொதிக்கவைத்து எடுத்த நீர், இப்போது ஆறியும் இருக்கலாம். குழந்தை உணவுப் பெட்டியிலோ மருந்துத் தாளிலோ இரண்டாவதைக் கேட்டிருந்தால், கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும் என்று அதே தாளில் தனியாகப் பாருங்கள்.

அறிகுறி: தூங்கிய குழந்தை தவறு, தூங்கிப்போன குழந்தை மட்டும் சரி

செயப்படுபொருள் ஏற்காத வினைகளில் இரண்டாம் வகை அடைமொழியாகுமா என்பதை அதன் துணைவினை தீர்மானிக்கிறது.

ஹாபென் எடுக்கும் வினையானால் ஆகாது. ஷ்லாஃபென் (தூங்கு), வைனென் (அழு), லாஹென் (சிரி), ப்லூயென் (பூ) எல்லாம் ஹாபென். ஆகவே 'டாஸ் கெஷ்லாஃபெனெ கிண்ட்' இல்லை.

ஸைன் எடுத்து, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைச் சொல்லும் வினையானால் ஆகும். அப்போது பொருள் செய்வினையே: 'டாஸ் ஐன்கெஷ்லாஃபெனெ கிண்ட்' (தூங்கிப்போன குழந்தை), 'டேர் கெராடெ அன்கெகொம்மெனெ ட்ஸூக்' (இப்போதுதான் வந்துசேர்ந்த ரயில்), 'டீ ஃபெர்ப்லூட்டெ ப்லூமெ' (பூத்து வாடிய மலர்). தமிழில் போ, சேர், விடு போன்ற துணைவினை இயல்பாக ஒட்டுகிற இடங்களில் பெரும்பாலும் ஜெர்மனிலும் ஸைன் வினை இருக்கும். நூற்றுக்கு நூறு நம்ப வேண்டாம். அகராதியில் வினைக்குப் பக்கத்தில் துணைவினை எது என்று போட்டிருப்பார்கள்.

நகர்வைக் காட்டும் வினைகளில் ஒரு கொக்கி இருக்கிறது. லவுஃபென் (ஓடு, நட) ஸைன்தான் எடுக்கும், ஆனாலும் வெறும் 'டாஸ் கெலவுஃபெனெ கிண்ட்' நிற்காது. போய்ச்சேர்ந்த இடத்தைச் சொன்னால் நிற்கும்: 'டாஸ் இன் டேன் கார்ட்டென் கெலவுஃபெனெ கிண்ட்', தோட்டத்துக்குள் ஓடிய குழந்தை. இலக்கு வந்ததும் அது நிலைமாற்றம் ஆகிவிடுகிறது.

'ஸிஷ்' சேர்ந்து வரும் தற்சுட்டு வினைகளில், முதல் வகை அதை வைத்துக்கொள்ளும், இரண்டாம் வகை உதறிவிடும். 'டாஸ் ஸிஷ் நேயர்ண்டெ கெவிட்டர்' (நெருங்கிவரும் இடிமழை), ஆனால் 'டீ எர்கெல்ட்டெட்டெ ஃப்ரவ்' (சளி பிடித்த பெண்).

அறிகுறி: என் உணர்ச்சியைச் சொன்னேன், எதிரில் இருப்பவர் சிரித்தார்

உணர்ச்சி வினைகளில் காரணமாக இருப்பது முதல் வகை, அனுபவிப்பவர் இரண்டாம் வகை. படம் 'ஷ்பானெண்ட்' (விறுவிறுப்பு), பார்ப்பவர் 'கெஷ்பான்ட்' (ஆவலோடு இருப்பவர்). முடிவு 'என்டொய்ஷெண்ட்' (ஏமாற்றம் தருவது), நீங்கள் 'என்டொய்ஷ்ட்' (ஏமாந்தவர்). நேர்காணலுக்கு முன்னால் படபடப்பாக இருந்தால் 'இஷ் பின் அவுஃப்கெரேக்ட்'. அவசரத்தில் 'இஷ் பின் அவுஃப்ரேகெண்ட்' என்றால் 'நான் பிறரைக் கிளர்ச்சியூட்டும் ஆள்' என்று பொருள். தேர்வாளர் முன் சொல்லத்தக்கதல்ல.

எல்லாம் இப்படி ஜோடியாக வராது என்பதுதான் தொல்லை. 'அன்ஷ்ட்ரெங்கெண்ட்' என்றால் களைப்பூட்டுவது. அதற்கு இணையாகக் களைத்தவரை 'அன்கெஷ்ட்ரெங்ட்' என்று சொன்னால், முகத்தைச் சுருக்கி முயல்பவர் என்ற பொருள் வந்துவிடும்; களைத்தவர் 'எர்ஷெப்ஃப்ட்' அல்லது வெறுமனே 'ம்யூடெ'. சலிப்பிலும் அதே போல. 'லாங்வைலிஷ்' எச்சமே அல்ல, சாதாரண அடைமொழி. 'இஷ் பின் லாங்வைலிஷ்' என்றால் நான் சலிப்பூட்டும் மனிதன். சலிப்படைந்திருந்தால் 'மியர் இஸ்ட் லாங்வைலிஷ்'. 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்ற தமிழ் அமைப்பு அப்படியே பொருந்துவதால், ஆங்கில வழியாகச் சுற்றிப்போகாமல் நேரே தமிழிலிருந்து போனால் இந்தப் பிழை வராது. 'கெலாங்வைல்ட்' என்ற எச்சமும் உண்டு: 'கெலாங்வைல்ட்டெ ஷ்யூலர்', சலித்துப்போன மாணவர்கள்.

கூடவே முன்னிடைச் சொல்லையும் சேர்த்தே படியுங்கள்: கெஷ்பான்ட் அவுஃப் (இரண்டாம் வேற்றுமை), என்டொய்ஷ்ட் ஃபோன், பெகைஸ்டர்ட் ஃபோன், இன்டெரெஸீர்ட் அன் (மூன்றும் நான்காம் வேற்றுமை, அதாவது டாட்டிவ்).

அறிகுறி: 'இஷ் பின் கொஹெண்ட்'

ஆங்கிலத்தின் நடப்புக் காலத்தை ஜெர்மனுக்குள் இறக்கியதால் வந்தது. ஸைன் வினைக்குப் பின் முதல் வகை போட்டு 'செய்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்ல முடியாது. 'இஷ் கொஹெ கெராடெ' போதும். பேச்சில் 'இஷ் பின் கெராடெ ஆம் கொஹென்' என்பதும் கேட்கும். ஸைனுக்குப் பின் முதல் வகை வருவது, அது முழு அடைமொழியாகவே நிலைத்துவிட்டால்தான்: 'டேர் ஃபில்ம் இஸ்ட் ஷ்பானெண்ட்', 'எஸ் இஸ்ட் ட்ரிங்கெண்ட்' (அவசரம்).

அறிகுறி: சொல் சரி, விகுதி தவறு

பெயருக்கு முன்னால் வந்தால் விகுதி உண்டு. ஸைனுக்குப் பின்னால் பயனிலையாக வந்தால் இல்லை. 'டாஸ் ஃபென்ஸ்டர் இஸ்ட் கெஷ்லொஸ்ஸென்', ஆனால் 'டாஸ் கெஷ்லொஸ்ஸெனெ ஃபென்ஸ்டர்'.

'எ-ன்' என்று முடியும் வலுவினை எச்சங்களில்தான் அதிகம் சறுக்குகிறது. கெபாக்கென் என்ற சொல்லிலேயே 'என்' இருப்பதால், விகுதி போட்டாயிற்று என்று கண் ஏமாறும். 'ஐன் கெபாக்கென் கூஹென்' தவறு. அந்த 'என்' எச்ச வடிவத்தின் பகுதி. விகுதி அதற்கும் மேல் வரவேண்டும்: 'ஐன் கெபாக்கெனர் கூஹென்', 'டேன் கெபாக்கெனென் கூஹென்'. இரண்டு 'என்' அடுத்தடுத்து வருவது எழுத்துப்பிழைபோலத் தெரிந்தாலும் அதுதான் சரி.

விகுதியை இப்படி நினைவில் வையுங்கள். டேர், டீ, டாஸ் என்று எழுவாய் வேற்றுமையில் ஒருமைக்கு 'எ'. டீ, டாஸ் இரண்டுக்கும் இரண்டாம் வேற்றுமையிலும் 'எ'தான். டேர், டீ, டாஸ் வரிசையில் மற்ற எல்லா இடத்திலும், பன்மையிலும், 'என்'. ஐன் என்ற சொல் பாலைக் காட்டாதபோது எச்சம் அந்த வேலையை ஏற்கும்: ஆண்பால் 'ஐன் ஷ்லாஃபெண்டர் ஹுண்ட்', அஃறிணைப்பால் 'ஐன் கெஷ்லொஸ்ஸெனெஸ் ஃபென்ஸ்டர்'. முன்னால் டேர், ஐன் போன்ற எந்தச் சுட்டும் இல்லையென்றால் சுட்டின் விகுதியே எச்சத்துக்கு வரும்: 'மிட் கெப்ரொஹெனெம் ஆர்ம்', முறிந்த கையோடு.

'கெ' எப்போது வரும் என்பதற்கு அழுத்தத்தைக் கேளுங்கள். வினையின் முதல் அசையில் அழுத்தம் இல்லையென்றால் 'கெ' வராது: ரெபரீரென் 'டாஸ் ரெபரீர்ட்டெ அவுட்டோ' ஆகும், ஃபெர்கவுஃபென் 'டாஸ் ஃபெர்கவுஃப்ட்டெ ஹவுஸ்' ஆகும். முன்னொட்டு பிரிந்துபோகும் வினையில் 'கெ' நடுவில் நுழையும்: ஐன்-கெ-கவுஃப்ட்.

அறிகுறி: அகராதிப் பொருளை வைத்தால் வாக்கியம் உளறுகிறது

எச்சமாகப் பிறந்து, வினையோடு உறவை அறுத்துக்கொண்ட சொற்கள் ஏராளம். 'கெஷிக்ட்' அனுப்பப்பட்டது என்றும் பொருள்படும், திறமையான என்றும் பொருள்படும். 'அவுஸ்கெட்ஸைஹ்னெட்' பரிசு பெற்றது, அல்லது மிகச் சிறப்பானது. 'அவுஸ்கெலாஸ்ஸென்' விட்டுப்போனது, ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் கும்மாளமானது, வெண்ணெயைப் பற்றிச் சொன்னால் உருக்கியது. 'கெஸால்ட்ஸெனெ ப்ரைஸெ' உப்பிட்ட விலை அல்ல, கொள்ளை விலை. 'ஃபெர்ஷீடென்' வெவ்வேறான என்ற அன்றாடச் சொல். ஆனால் இரங்கல் செய்தியில் வந்தால் மறைந்தவர்.

எந்தப் பொருள் என்று தெரிய இரண்டு சோதனை. முன்னால் 'ஸேர்' (மிக) போட்டால் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் அது அடைமொழி. 'ஃபோன்' சேர்த்து யாரால் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது எச்சம். 'ஐன் ஸேர் கெஷிக்ட்டர் அன்வால்ட்' மிகத் திறமையான வழக்கறிஞர். 'ஐன் ஃபோன் டேர் ஃபிர்மா கெஷிக்ட்டர் அன்வால்ட்' நிறுவனம் அனுப்பிய வழக்கறிஞர். அவர் திறமைசாலியா என்று இந்த வாக்கியம் சொல்லவில்லை.

'ஃபெர்லேகென்' (கூச்சப்பட்ட) என்பதையும் 'ஃபெர்லேக்ட்' என்பதையும் குழப்ப வேண்டாம். பின்னதுதான் இன்றைய எச்சம்: 'டேர் ஃபெர்லேக்ட்டெ டெர்மீன்', வேறு நாளுக்கு மாற்றிய சந்திப்பு.

அறிகுறி: அலுவலகக் கடிதத்தில் 'ட்ஸூ' குறுக்கே நிற்கிறது

முதல் வகைக்கு முன்னால் 'ட்ஸூ' வந்தால் பொருள் தலைகீழாகும். செய்கிற என்பது செய்யப்பட வேண்டிய ஆகிறது. 'ட்ஸாலெண்டர் காஸ்ட்' காசு கொடுக்கும் விருந்தினர். 'டீ ட்ஸூ ட்ஸாலெண்டெ மீட்டெ' செலுத்த வேண்டிய வாடகை. நம் 'வேண்டிய' அப்படியே பொருந்தும். சில இடங்களில் 'முடிகிற' என்ற பொருளும் வரும். எது என்று சூழல் சொல்லும். அலுவலகக் கடிதத்தில் பெரும்பாலும் கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரியும் வினையில் 'ட்ஸூ' சொல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்: 'டாஸ் அவுஸ்ட்ஸுஃப்யூலெண்டெ ஃபோர்முலார்' நிரப்ப வேண்டிய படிவம், 'டீ நாஹ்ட்ஸுரைஷெண்டென் உன்டர்லாகென்' பின்னர் அனுப்பி வைக்க வேண்டிய ஆவணங்கள். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதத்தில் இந்த இரண்டாவது சொல்லைக் கண்டால் பக்கத்திலேயே ஒரு தேதி இருக்கும், அதைத் தேடுங்கள்.

செவிலியர் பயிற்சிக்கும் பிற தொழிற்பயிற்சிக்கும் போகிறவர்கள் கேட்கும் 'அட்ஸுபி' இதே அமைப்பின் சுருக்கம்: 'அவுஸ்ட்ஸுபில்டெண்டெ', பயிற்சி அளிக்கப்பட வேண்டியவர். 1969ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் 'லேர்லிங்' என்ற பழைய சொல்லுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தது.

அறிகுறி: அதே மனிதர், ஒருமுறை 'அன்கெஷ்டெல்ட்டெ', ஒருமுறை 'அன்கெஷ்டெல்ட்டர்'

பிழை அல்ல. எச்சம் பெயரானாலும் அடைமொழி விகுதியை விடாது: 'டேர் அன்கெஷ்டெல்ட்டெ' (அந்த ஊழியர்), 'ஐன் அன்கெஷ்டெல்ட்டர்' (ஓர் ஊழியர்), பெண் என்றால் 'ஐனெ அன்கெஷ்டெல்ட்டெ', பன்மை 'டீ அன்கெஷ்டெல்ட்டென்'. ஆண் தன் வேலையைச் சொல்லும்போது 'இஷ் பின் அன்கெஷ்டெல்ட்டர்'. எழுதும்போது பெரிய எழுத்தில் தொடங்க மறக்க வேண்டாம். ரைஸெண்டெ (பயணம் செய்வோர்), ஃபெர்லெட்ஸ்ட்டெ (காயம்பட்டோர்), ஷ்டுடீரெண்டெ (மாணவர்) எல்லாம் இதே குடும்பம். நம் வினையாலணையும் பெயர் போலத்தான் வேலை செய்கிறது. பேயம்ட்டெ (அரசு அலுவலர்) மட்டும் பெண்பாலில் தடம் மாறி 'பேயம்ட்டின்' ஆகிவிடும்.

அறிகுறி: சுட்டுக்குப் பின் பெயரைக் காணோம், வாக்கியம் எங்கோ போகிறது

'டீ' என்று தொடங்கிய உடனே 'ஃபோன்', 'இன்', 'ஆம்' போன்ற முன்னிடைச் சொல் வந்தால், நடுவில் நீண்ட எச்சத்தொடர் செருகப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கேதான் திணறுவார்கள். தமிழ் வழியாகப் படித்தால் இதுதான் மிகச் சுலபமான பகுதி, ஏனெனில் சொல்வரிசை ஏறக்குறைய நம்முடையதே.

'டீ ஃபோன் ஈனென் ஆம் 3. மை ஐன்கெரைஷ்ட்டென் உன்டர்லாகென்' என்பதை வந்த வரிசையிலேயே தமிழாக்குங்கள்: அந்த, உங்களால், மே 3 அன்று, அளிக்கப்பட்ட, ஆவணங்கள். எதையும் முன்பின் மாற்ற வேண்டியதில்லை.

ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். உதாரணம்: 'டீ இன் டேம் ஃபோன் ஈனென் உன்டர்ஷ்ரீபெனென் மீட்ஃபெர்ட்ராக் கெநான்ட்டெ ஃப்ரிஸ்ட்'.

1. சுட்டுகளை எண்ணுங்கள். இங்கே இரண்டு: டீ, டேம்.
2. கடைசியில் திறந்த சுட்டு முதலில் மூடும். 'டேம்' என்பதற்கு உரிய பெயர் மீட்ஃபெர்ட்ராக் (வாடகை ஒப்பந்தம்). இடையில் இருப்பது 'நீங்கள் கையெழுத்திட்ட'.
3. அந்தத் தொகுதியை ஒரே சொல்லாக நினைத்து வெளிச்சுட்டுக்கு வாருங்கள். 'டீ' மூடுவது ஃப்ரிஸ்ட் (காலக்கெடு) என்பதில், அதற்கு முந்தைய எச்சம் 'குறிப்பிட்ட'.
4. விகுதியைச் சரிபாருங்கள். உன்டர்ஷ்ரீபெனென் 'என்' கொண்டது, டேம் சுட்டோடு ஒத்துப்போகிறது. கெநான்ட்டெ 'எ' கொண்டது, டீ சுட்டோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் சுட்டைத் தவறான பெயரோடு இணைத்திருக்கிறீர்கள். இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

கிடைப்பது: நீங்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலக்கெடு. வாசிக்க இது போதும். நீங்களே எழுதும்போது இந்த நீளத்துக்குப் போக வேண்டாம். பேச்சில் இப்படி யாரும் பேசுவதில்லை, நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் போட்டால் அலுவலக அறிக்கைபோல விறைப்பாக நிற்கும். அங்கே தனி வாக்கியமாகத் தொடுப்பதே இயல்பு.